ஜென் காருக்கு எந்த எஞ்சின்? பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் சிலிண்டரை உட்புறம் கடைந்து போர் போடுவது, எஞ்சினின் மேல்மூடியைச் சமப்படுத்தும் ஹெட் ஃபேசிங், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தீட்டும் கிராங்க் கிரைண்டிங், இவைதான் பிழைப்பு. சில வருடங்களாகப் பழைய மாருதி ஜென் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வந்து, இதில் வேறு எஞ்சின் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் நின்றுகொண்டே சொல்லிக் கால் வலிப்பதால் எழுதிவைத்திருக்கிறேன். இங்கே ஜென் என்பது 1993 முதல் 2006 வரை வந்த உருண்டை வடிவ பெட்ரோல் கார். பின்னால் வந்த ஜென் எஸ்டிலோவுக்குப் பெயர் மட்டும்தான் பொது, வண்டி வேறு.

அண்ணாச்சி, ஜென்னுக்கு எந்த எஞ்சின் போட்டால் நன்றாக இருக்கும்?

உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருப்பதுதான். அதைப் பிரித்து, போர் போட்டு, புது பிஸ்டன் ரிங் போட்டு ஏற்றுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. இந்தப் பதிலைக் கேட்டதும் சிலர் முகம் சுண்டிவிடுகிறது. எஞ்சின் மாற்றினால் எனக்கும் நாலு காசு வரும். இருந்தும் இப்படிச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

ஜென் என்ன ஸ்போர்ட்ஸ் காரா, இவ்வளவு யோசிக்க?

பெயரளவில் இல்லை. மனதளவில் ஆமாம். சுமார் 750 கிலோ எடை. அலுமினிய பிளாக், 993 சிசி, நான்கு சிலிண்டர். கார்புரேட்டர் வண்டியில் 50 குதிரைத்திறன், பின்னால் வந்த 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டியில் 60.

சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் வெறும் 61. அதாவது பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் மிகக் குறைவு. அதனால்தான் இந்த எஞ்சின் மிதிக்க மிதிக்கச் சலிக்காமல் சுற்று ஏறுகிறது. கிராங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொம்மை போல இருக்கும். இந்தக் காரின் சுகம் முழுவதும் அந்தக் குட்டி கிராங்கிலும் குறைந்த எடையிலும்தான் இருக்கிறது. வேறு எஞ்சின் தேடும்போது இந்த இரண்டில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வண்டி இழுக்கவே இல்லை. எஞ்சின் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார்.

போய்விட்டதா என்று அளந்து பார்த்தாரா? சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் விலை பெரிதல்ல. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நான்கும் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் எஞ்சின் மேல் பழி போடாதீர்கள். ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், அதன் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஒரு கரண்டி ஆயில் சொல்லும் உண்மையைச் சில மெக்கானிக்குகள் மூன்று நாளில் சொல்வதில்லை.

சென்ற மாதம் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி, எஞ்சின் மாற்றியே ஆக வேண்டும் என்று வண்டியைக் கட்டி இழுத்துவந்தார். பார்த்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டிப் போட்டிருந்தது. கிளட்ச் வழுக்கல், பின் டிரம் பிடித்துக்கொள்வது, சைலன்சருக்குள் அடைப்பு ஆகியவையும் இதே நோயைக் காட்டும்.

மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சின் அப்படியே உட்காரும் என்கிறார்களே?

கேள்விகளிலேயே நியாயமான கேள்வி இதுதான். இரண்டும் சுசுகியின் ஒரே ஜி வரிசைக் குடும்பம். ஜென்னில் இருப்பது ஜி10, எஸ்டீமில் இருப்பது ஜி13. விட்டம் 74, ஸ்ட்ரோக் 75.5, ஆக 1,298 சிசி. எம்பிஎஃப்ஐ எஸ்டீமில் 85 குதிரைத்திறன். இதுவும் அலுமினியம்தான் என்பதால் முன்பக்கம் பெரிதாகக் கனக்காது. பிற்காலத்தில் இதே குடும்பத்து 1.3 எஞ்சின்தான் முதல் ஸ்விஃப்டிலும் வந்தது.

ஒரு கணக்குப் பாருங்கள். 750 கிலோவுக்கு 85 குதிரை என்றால் டன்னுக்கு 113. உலகம் முழுக்கக் கொண்டாடப்படும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்த முதல் மாடலுக்குச் சுமார் 950 கிலோ, 115 குதிரை. டன்னுக்கு 121. இரண்டும் அடுத்தடுத்த படியில் நிற்கின்றன. ஆசை வருவதில் தப்பில்லை.

எடுப்பதாக இருந்தால் எஞ்சினை மட்டும் எடுக்காதீர்கள். கியர்பாக்ஸ், ஒயரிங், ஈசிஎம் என்கிற எஞ்சின் கணினி, சென்சார்கள், எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். நான்கு கடையில் நான்கு பாகம் பொறுக்கிச் சேர்த்த வண்டி ஆயுளுக்கும் பட்டறை வாசலில்தான் நிற்கும். ஆனால் இதைச் சாலையில் ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. அது கீழே வருகிறது.

1.3 போகிறது என்றால் 1.6 ஏன் போடக் கூடாது? டீசல்?

1999இல் வந்த பழைய பலேனோவின் 1.6 எஞ்சின், 94 குதிரை. அதுவும் ஜி குடும்பம்தான். ஆனால் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு பிளாக்கும் உயரம். பானெட்டுக்கு அடியில் இடம் தேட வேண்டும். 1.3ஐவிடக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்பது குதிரை. அதற்காக, சுற்று ஏறும் அந்தச் சுகத்தைப் பறிகொடுப்பானேன்? நாங்குநேரிப் பக்கம் நேர்கோடாகப் போகும் நாலுவழிச் சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு அது பிடிக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை.

டீசலைக் கம்பெனியே போட்டுப் பார்த்துவிட்டது. பீஜோவின் 1.5 டீசலுடன் ஜென் டி வந்தது. மைலேஜ் கொடுத்தது. மூக்கு கனத்து, வளைவில் வண்டி திரும்ப மனமில்லாமல் திரும்பியது. சிட்டுக்குருவியின் கழுத்தில் அம்மிக்கல்லைக் கட்டியது போல.

ஜிப்ஸி எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் 1.3 தானே?

1.3 தான், ஒரே குடும்பம்தான். ஆனால் ஜிப்ஸியில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கிறது. ஜென்னில் குறுக்குவாட்டில். ஆயில் சம்ப், மேனிஃபோல்டு, மவுண்ட் எல்லாம் மாறும். மிச்சம் பிடித்த காசை என் போன்ற லேத்காரனிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்.

பழைய எஞ்சின் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பழைய பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனாலும் சரி, இங்கே உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து எடுத்தாலும் சரி, கழுவிப் பளபளவென்று இருக்கும் எஞ்சினை நம்பாதீர்கள். நானே ஏமாந்திருக்கிறேன். வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கிய 1.3 எஞ்சின், ஹெட்டில் வெள்ளிப் பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை போல நின்றது. பட்டறைக்கு வந்து ஹெட்டைக் கழற்றி, வளைவு பார்க்கும் நேர்ப்பட்டையான ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்தேன். இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒளி தெரிந்தது. ஒரு காலத்தில் தண்ணீரில்லாமல் ஓடி, சூடேறி, ஹெட் வளைந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் பெயிண்ட். தொழிலில் இருப்பவனுக்கே அந்தக் கதி.

ஆயில் மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள். காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். அலுமினியம் அரித்துப் பொரிந்திருந்தால் கூலன்ட் என்ற பொருளையே அந்த எஞ்சின் கண்டதில்லை என்று அர்த்தம். கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக்கென்று சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எஞ்சின் நம்பர் ராவப்பட்டிருந்தால் விலையே கேட்க வேண்டாம். முக்கியமாக, எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு பில்லும் அந்த வண்டியின் ஆர்சி நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கார்புரேட்டர் வண்டியில் எம்பிஎஃப்ஐ எஞ்சின் ஏற்ற முடியுமா?

முடியும், ஆனால் எஞ்சினை இறக்கி ஏற்றுவது அதில் சிறிய வேலை. கார்புரேட்டர் ஜென்னில் பெட்ரோல் பம்ப் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கும், கேம் தட்டி இயங்கும், அழுத்தம் மிகக் குறைவு. எம்பிஎஃப்ஐக்கு டேங்குக்குள் மின்சார பம்ப் வேண்டும், அந்த அழுத்தத்தைத் தாங்கும் குழாய் வேண்டும். பழைய ரப்பர் குழாயிலேயே இணைத்துவிட்டு கிளாம்ப் இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு தூங்குவது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வேறு கலந்து வருகிறது. பழைய ரப்பர் அதில் ஊறி வெடிப்பு விடும். எஞ்சின் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் குழாய்களை மாற்றுங்கள்.

ஒயரிங்கை நறுக்கி ஒட்டாமல், முழுக் கட்டாக எடுத்துப் பொருத்தத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கிடைத்த பிறகே எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கைத் தொடுங்கள். பிந்தைய கார்கள் சிலவற்றில் ஈசிஎம்மும் சாவியும் ஜோடி. சாவியில்லாத ஈசிஎம் வெறும் அலுமினிய டப்பா.

ரேடியேட்டருக்குத் தாமிரபரணித் தண்ணீர் போதாதா? நல்ல தண்ணீர்தானே?

குடிக்க நல்ல தண்ணீர். ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய எஞ்சின்களைத் திறந்திருக்கிறேன். தண்ணீர் போகும் வழியெல்லாம் உப்பளம் போல வெள்ளை பூத்திருக்கும். கூலன்டும் தாது நீக்கிய தண்ணீரும் மட்டும் ஊற்றுங்கள்.

இன்னொன்று. எஞ்சின் சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. கேட்டால், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்கிறார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வர அது வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வெகுநேரம் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். எம்பிஎஃப்ஐயில் ஈசிஎம் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும், அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும், ரிங் தேயும். சூடாவதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ ஓடாத ஃபேனாகவோ இருக்கும். 1.3 ஏற்றுபவர்கள் அந்த எஞ்சினுக்கு உரிய ரேடியேட்டரையும் ஃபேனையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வண்ணார்பேட்டை சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது தெரியும் அதன் அருமை.

பிரேக்கை மாற்ற வேண்டுமா? இருக்கிற பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?

இருக்கிற எஞ்சினுக்கு நன்றாகப் பிடிக்கிறது. என் கதையைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் என் ஜென்னில் 1.3 ஏற்றினேன். மேலே சொன்ன அதே பெயிண்ட் எஞ்சின்தான், ஹெட்டைச் சரிசெய்த பிறகு. பிரேக் பழையது, டயர் பழைய 145 அளவு. சாரல் காலம். தென்மலைவரை போய்விட்டு ஆரியங்காவு வழியாகத் திரும்பி வந்தேன். புளியரை இறக்கம், எஸ் வளைவு. புது எஞ்சின் கொடுத்த மிதப்பில் ஒவ்வொரு வளைவுக்கும் வேகமாக வந்து கடைசியில் பிரேக்கை அழுத்தினேன். மூன்று நான்கு வளைவு ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் பெடல் பஞ்சு போல அமுங்கியது. அதற்கடுத்ததில் தரையைத் தொட்டது. இரண்டாவது கியருக்கு இறக்கி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்ணில் ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்தில் சாரல் பட்டுச் சுர்ரென்று ஆவி கிளம்புகிறது; கருகிய பேட் வாசனை. எதிரே வந்த தேங்காய் லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, ஒரு குடத் தண்ணீர் கொடுக்கவா என்று கேட்டார். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும், வேண்டாம் என்று சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. குமிழியைத்தான் கால் அழுத்துகிறது, பேட்டை அல்ல. நான் அந்த ஆயிலை மாற்றி எத்தனை வருடம் ஆகியிருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு ஷாக் அப்சார்பர், கடைசியில் எஞ்சின். முதல் மூன்றையும் முடித்தவர்களில் பலர் நான்காவதைக் கேட்டு வருவதே இல்லை.

ஆர்டிஓ அலுவலகத்தில் என்ன சொல்வார்கள்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதிக்கப்பட்ட கேஸ் கிட், மின்சாரக் கிட் போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. மீறினால் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

நடைமுறையில்: அதே வகை எஞ்சினை, 993க்கு 993, முன்கூட்டி விண்ணப்பித்து, பில்லும் பழைய வண்டியின் ஆவணமும் காட்டி மாற்றி, புது நம்பரை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளும் வழியைக் கேளுங்கள். 993க்குப் பதில் 1,298 என்றால், ‘முடியாது’ என்ற பதிலை எதிர்பார்த்தே போங்கள். எல்லா ஜென்னுக்கும் பதினைந்து வயது தாண்டிவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வண்டியை நிறுத்தும்போது எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் பார்ப்பார்கள். யாருக்கும் தெரியாது என்பவர் உங்களோடு கோர்ட்டுக்கு வரமாட்டார்.

அப்படியானால் 1.3 ஜென்னை எங்கேதான் ஓட்டுவது?

பந்தயத் தடத்தில். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தடம் இருக்கிறது. வண்டியை டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கோவைத் தடத்துக்குப் பெயர் தந்த எஸ்.கரிவரதன்தான் 1980களின் கடைசியில், மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்டவர். 796 சிசி எஞ்சின், இலேசான உடல். பெரிய எஞ்சின் தேடி அலைபவர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் அது.

துபாயில் இருக்கும் என் மச்சான் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறார். அதற்கு என்ன போடலாம்?

அங்குள்ள சட்டத்தை அவர் அங்கேயே விசாரிக்கட்டும். எஞ்சின் விஷயம் மட்டும் சொல்கிறேன். முதல் மாடல்களில் 1.6, பின்னால் 1.8. 1.6 வைத்திருப்பவருக்கு மிக எளிய வழி மாஸ்டாவின் அதே 1.8 எஞ்சின், உலோகம் வெட்டும் வேலை மிகக் குறைவு. கூடவே, பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் 1.8 வண்டியிலிருந்து போட வேண்டும், 1.6இன் டிஃபரென்ஷியல் சிறியது, கூடுதல் இழுப்பைத் தாங்காது.

அடுத்தபடி ஹோண்டாவின் கே வரிசை, 2.0 அல்லது 2.4. முழு அலுமினியம், நிறைய சக்தி. ஆனால் சம்ப், மவுண்ட், கியர்பாக்ஸ் அடாப்டர் எல்லாம் தனியாகச் செய்த கிட்டாக வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் அலுமினிய வி8ஐயே இதில் அடைக்கிறார்கள். நாம் பயப்படும் அளவுக்கு அந்த எஞ்சின் கனம் இல்லை. ஆனால் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், ஆக்சில், சப்ஃப்ரேம் எல்லாம் மாறுகின்றன. எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் முதுகெலும்பு போல இணைக்கிறது. வேற்று கியர்பாக்ஸ் வந்தால் அதையும் கழற்றி வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். முன்னும் பின்னும் எடை பாதிக்குப் பாதி நிற்பதுதான் அந்தக் காரின் பெருமை. மச்சானிடம் சொல்லுங்கள்: முதலில் 1.8.

மொத்தம் எவ்வளவு ஆகும்? எத்தனை நாள்?

எஞ்சின் விலையைப் போல இரண்டு மடங்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைப் பற்றி, ஒரு வாரம் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். அடுத்த ஆனித் தேரோட்டத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்பவர் கொஞ்சம் நேர்மையானவர்.

கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. உங்கள் ஆர்சியில் இருக்கும் நம்பர் அதன் பிளாக்கில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. புளியரைச் சம்பவத்துக்குப் பிறகு நான் 1.3ஐ இறக்கிவிட்டு என் பழைய எஞ்சினைத்தான் மறுபடி ஏற்றினேன். நடுவில் மூன்று வருடம் அது முன்னீர்பள்ளத்தில் அக்கா வீட்டுத் தொழுவத்தில், பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தது.

தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். ஒவ்வொரு பிளக் துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்கை மறுபடி மாட்டுங்கள். இன்டேக், எக்ஸ்ஹாஸ்ட் வாயில்களைத் துணியால் அடையுங்கள், எலியும் குளவியும் கூடு கட்டும். சாக்கால் மூடி, மாதம் ஒருமுறை ஸ்பானர் போட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். அக்கா பையன் எனக்காக இதைத் தவறாமல் செய்தான். திரும்ப ஏற்றியபோது நான்காவது முறை சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் நீலப் புகை வரும், அது நீங்கள் ஊற்றிய ஆயில் எரிவது. பயந்து எஞ்சினை நிறுத்திவிடாதீர்கள்.